புளி போட்டுக் கழுவிய பித்தளை

1

எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. ஓட்டல் தம்ளரை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் வாயில் வைக்க மாட்டேன். இப்படிப்பட்டவள் நீ நர்ஸ் வேலைக்கு எப்படிப் போனாய் என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. ஆஸ்பத்திரி அசிங்கம் கையுறைக்கு வெளியே நின்றுகொள்ளும். வீட்டு அசிங்கம் அப்படியில்லை, சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். இதை யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை.

போன வாரம் அடுத்த பிளாட் மரியம் லாத்தா லீவு முடிந்து காயல்பட்டினத்திலிருந்து திரும்பி வந்தார். எனக்கு இது எட்டாம் மாதம். வெறுங்கையோடு வருவாரா? பெட்டியில் போட்டால் உடைந்துவிடும் என்று விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு, துண்டு சுற்றி, ஒரு பெரிய மண்சட்டி கொண்டு வந்திருந்தார். “நல்லா பழக்கி வாங்கியாந்தேன் புள்ள. வாய்க்கு ருசியா ஒரு மீன் ஆணம் வச்சுச் சாப்புடு” என்று என் இரண்டு கையிலும் வைத்தார். அவர் பக்கத்தில் அக்காவை லாத்தா என்பார்கள், குழம்பை ஆணம் என்பார்கள். நான் சிரித்து வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் சட்டியைக் கதவுக்கு வெளியே செருப்பு வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். மசக்கை எல்லாம் எப்போதோ நின்றுவிட்டது.

போனில் பேசும்போதெல்லாம் ஊரில் உள்ள நீங்கள் எல்லாரும் கேட்கிறீர்கள், வெள்ளிக்கிழமை மீன் குழம்பா என்று. இல்லை. மூன்று மாதமாக என் வீட்டில் மண்சட்டி கிடையாது, புளி கிடையாது, மீன் குழம்பும் கிடையாது. என் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு அதில் எவ்வளவு போயிருக்கிறது என்பது பிறந்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆளாளுக்கு ஒரு கதையாக உங்கள் காதுக்கு வருமுன் நானே எழுதிவிடுகிறேன்.

2

என் வீட்டுக்காரர் ரூபன் ஊரில் போட் இன்ஜின் மெக்கானிக். இந்த அரபு நாட்டுக்கு வந்தது ஒரு ஏசி கம்பெனிக்கு. அந்தக் கம்பெனி கைமாறி, ஆட்களைக் கழித்துக் கட்டியபோது, யாரோ சொல்லி ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தார். ஊருக்கு வெளியே, ஒட்டகப் பண்ணைகளையும் தாண்டி மணலுக்கு நடுவே அந்தக் கிளப். அரபிகள், வெள்ளைக்காரர்கள், கழுத்துப் பட்டி கட்டிய நம் நாட்டுக்காரர்கள் எல்லாரும் காரில் வந்து இறங்கி, ஏசி அறையில் நின்று காகிதத்தில் வரைந்த மனிதனைச் சுட்டுவிட்டு ஜூஸ் குடித்துப் போவார்கள். காசு கொடுத்து இப்படி ஒரு பொழுதுபோக்கு. உழைத்து வியர்க்காதவனுக்கு வேறு எப்படித்தான் வியர்க்கும்?

ஊரில் கேட்பவர்களிடம் “கிளப்பில் டெக்னீஷியன்” என்று இவர் சொல்வார். நானும் அதையே சொல்வேன். செய்தது பொறுக்குகிற வேலை. கைத்துப்பாக்கியில் சுட்டதும் குண்டு முன்னால் போகும், அதன் பித்தளைக் கூடு பக்கத்தில் துள்ளி விழும். அந்தக் கூட்டைத் தூர எறிவதில்லை. நல்லதாகப் பார்த்து எடுத்து, துலக்கி, புது வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி தோட்டா ஆக்குவார்கள். பயிற்சிக்கு அது போதும். புதுத் தோட்டாவை விட மலிவு. எந்தக் கூடு தேறும், எது தேறாது என்று பிரிப்பதுதான் இவருடைய டூட்டி.

குடும்பங்களை வரச் சொன்ன ஒரு நாளில் அந்த இடத்தைப் பார்த்தேன். முன்பக்கம் கண்ணாடியும் சோபாவும். பின்பக்கம் தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு மேசையில் பெருக்கி அள்ளிய குவியல். பித்தளைக் கூடுகளோடு சிகரெட் துண்டு, மென்று துப்பிய சூயிங்கம், சூரியகாந்தி விதைத் தொலி, ரத்தக்கறையோடு யாரோ கழற்றிப் போட்ட பிளாஸ்திரி, ஒரு செத்த கரப்பான். எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி. அந்தப் பொடி இவருடைய நகக்கண்ணில், முழங்கை மடிப்பில், காது மடலில். இவர் வெறும் கையால் குவியலைக் கலைத்துக்கொண்டு பெருமையாகக் காட்டினார்.

முதலில் காந்தத்தை ஓட்டுவார். பித்தளை மாதிரி முலாம் பூசிய இரும்பெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு அளவு. ஒன்பது எம்.எம்.தான் அதிகம். அதே முகச்சாயலில் கொஞ்சம் குட்டையாக இன்னொரு ஜாதி உண்டு, அது கலந்துவிட்டால் தோட்டா அடைக்கும் மெஷின் விக்கி நின்றுவிடும். பெரிய கூட்டுக்குள் சின்னக் கூடு போய்ச் சிக்கியிருக்கும், அதைத் தட்டி எடுக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். அடியில் ஒரு ஓட்டை இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இரண்டு சின்ன ஓட்டை இருந்தால் ஆகாது, அடியில் பதிந்திருக்கும் பழைய வெடிமூடியைக் குத்தித் தள்ளும் ஊசி உடைந்துபோகும். அடி புடைத்ததும் ஆகாது. கடைசியில் ஒரு கைப்பிடி அள்ளிக் காதோரம் குலுக்கினார். நல்லவை கலகலவென்றன. நடுவில் ஒன்று மட்டும் மொத்தென்று பேசியது.

“கேட்டியா, செத்த சத்தம்? வாய் கீறியிருக்கு. நம்ம அரிசியில கல்லு பொறுக்குத மாதிரிதாம்” என்றார்.

“அரிசியில அடுத்தவன் எச்சி கெடக்காது” என்றேன்.

பக்கத்தில் நின்ற மற்ற குடும்பங்கள் சிரித்தன. இவரும் சிரித்தார். அதே கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒரு சமோசா எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரே தின்றார்.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் போட்டேன். டூட்டி உடுப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும், குளித்துவிட்டுத்தான் மகளைத் தூக்க வேண்டும், துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு தடவையாவது வாஷிங் மெஷினுக்குள் கணகணவென்று சத்தம் கேட்கும். பேண்ட் மடிப்பில் ஒரு கூடு ஒளிந்து வந்திருக்கும். டிஷ்யூவால் பிடித்து எடுத்து வெளியே போடுவேன். இவர் என்னைப் பார்த்து, உனக்கு எல்லாமே அசிங்கம்தான் என்பார். ஈயத்தைப் பற்றி அப்போது நான் யோசிக்கவே இல்லை. அழுக்கு என்று மட்டும்தான் வெறுத்தேன்.

3

வெள்ளிக்கிழமையோடு சேர்ந்த வார லீவு வியாழனிலிருந்து சனிக்கு மாறிய புதுசு அது. இரண்டு நாளும் கிளப்பில் கூட்டம். பித்தளை மலையாகக் குவிந்த நேரம் பார்த்து, துலக்குகிற மெஷின் புகைந்து நின்றுவிட்டது. உமி மாதிரி ஒரு தூளைப் போட்டு, கூடுகளை உருட்டி உருட்டித் துலக்கும் மெஷின் அது. புதுசு வாங்கப் பணம் இருந்தது, அனுமதிதான் இல்லை. சும்மா உருளுகிற டிரம்தான் என்றாலும், தோட்டா சம்பந்தப்பட்டது என்று யாரோ எழுதிவிட்டார்கள். அதற்கு ஒரு என்.ஓ.சி., அந்த என்.ஓ.சி.க்கு இன்னொரு என்.ஓ.சி. இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைக்கு ஸ்கூல் மாற்றுவதற்கே அப்பன் பாஸ்போர்ட்டின் பத்து நகல் வேண்டும். இதற்குக் கேட்கவா வேண்டும்.

மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது இவர்தான் போய்ச் சொன்னாராம், எங்கள் ஊரில் பித்தளையைப் புளி போட்டுத்தான் விளக்குவோம் என்று. கோவில் குத்துவிளக்கு, சர்ச் மெழுகுதிரித் தண்டு எல்லாம் அப்படித்தான் பளபளக்கிறது என்று. இவருடைய இந்தியில் அதை எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. மேனேஜருக்குப் புளியைச் சொல்லும் இம்லி என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அச்சா, செய்து காட்டு என்றார். வெந்நீரில் புளியும் உப்பும் கரைத்து ஊறப்போட்டு அலசி எடுத்ததும், கூடுகள் அன்றைக்குத்தான் கடைந்த மாதிரி ஆகிவிட்டன. மேனேஜர் ஒரு கிண்ணம் நிறைய அவற்றை முன்மேசையில் வைத்து மெம்பர்களுக்குக் காட்டினாராம், ஸ்பெஷல் வாஷ் என்று.

இதை எல்லாம் இவர் சாப்பாட்டு மேசையில் சொன்னார். ரொம்ப நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு களை. நானும் சிரித்தேன். சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் இவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, புளி காணாமல் போயிற்று. அரைக் கிலோ பாக்கெட் பிரித்த சூட்டில் தீர்ந்தது. எனக்கு அப்போது மூன்றாம் மாதம், புளிப்பென்றால் உயிர், நான்தான் கணக்கில்லாமல் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது, பரணில் கவிழ்த்து வைத்திருக்கும் என் குழம்புச் சட்டி. வெள்ளிக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, இங்கே கிடைக்கும் ஷேரி மீனில் குழம்பு வைக்க மட்டும்தான் அதை இறக்குவேன். மற்ற நாளில் இரண்டு பேரும் டூட்டி, சட்டிக்கு வேலையில்லை. அந்தச் சட்டி நான் வைத்ததை விடச் சுத்தமாக இருந்தது. அடிக்கரி எல்லாம் போய், உள்ளே தேய்த்து, துணியால் துடைத்து வைத்த மாதிரி. கேட்டால், சும்மாதான் இருந்தேன், கழுவி வைத்தேன் என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஆம்பிளை சட்டி கழுவுகிறான், அதுவும் சொல்லாமல்.

மரியம் லாத்தாவிடம் போய்ப் பீற்றினேன். லாத்தா தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அந்த நேரம் இவரும் அங்கே நின்றார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார். வெட்கப்படுகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

4

என் மகள் ஷைனிக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. அவளுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. நான் தமிழில் திட்டுவேன், அவள் இங்கிலீஷில் சண்டை போடுவாள். ஜெபமும் இங்கிலீஷில்தான். ஊரில் உள்ள அத்தைமார் போனில் பேசினால் ரிசீவரைக் கையில் வாங்கி, ‘ஹாய் ஆன்ட்டி, பை ஆன்ட்டி’ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள்.

அவளுக்கு மீன் குழம்பு என்றால் குமட்டல். அதற்குப் பிரவுன் வாட்டர் என்று பெயர் வைத்திருந்தாள். மீனுக்குக் கண் இருக்கிறது, அது என்னைப் பார்க்கிறது என்பாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் பெட்டியில் உறைந்து வரும் சிக்கன் நகெட், உருளைக்கிழங்கு, தக்காளி சாஸ். கடற்கரையில் பிறந்த எனக்கு இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் போர். சோற்றைப் பிசைந்து உருட்டி வாயருகே கொண்டுபோவேன். மூக்கைப் பிடித்துக்கொள்வாள். கன்னத்தை அழுத்தி உள்ளே தள்ளினால் ஒரு நிமிடம் வைத்திருப்பாள். பிறகு டிஷ்யூவில் துப்பிவிட்டு, ஸாரி மம்மி என்பாள். ஸாரி சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த ஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இவர்தான் நடுவில் வருவார். “விடு, பிள்ளைக்குப் பிடிக்கலன்னா எதுக்குத் திணிக்க” என்பார். அப்பன் செல்லம் என்று அதையும் திட்டினேன்.

அவள் துப்பியதற்கும் சேர்த்து நான் சாப்பிட்டேன். மீன் எல்லாம் தீர்ந்தபிறகு, மசாலா ஒட்டிய சட்டியிலேயே சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டி, வழித்து உருட்டிச் சாப்பிடுவதற்கு ஈடாக ஒன்று உண்டா? நம் பக்கத்தில் அந்தச் சட்டிச் சோற்றுக்கு அக்காளும் தங்கையும் அடித்துக்கொள்வோம். இங்கே பங்குக்கு ஆளில்லை. மாசமான பெண்ணின் வாய்க்கு அது அமிர்தம். ஒரு வாரம்கூட விட்டதில்லை. மண்ணின் வாசம் போகும்வரை விரலால் வழித்தேன்.

5

கிளப்பில் சுடக் கற்றுக்கொடுக்கும் ஒரு பிலிப்பினோப் பெண் இருந்தாள், லிசா என்று. ஒரு நாள் மத்தியானம் இவர் கொட்டகை மேசையின் ஓரத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்து, சோற்றைப் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டாள். சத்தம் போட்டுப் பாத்திரத்தையே பிடுங்கிவிட்டாளாம். இந்தப் பொடி முழுக்க ஈயம், இதைத் தொட்ட கையால் சாப்பிடுவாயா, உன் ரத்தத்தைப் போய்ப் பார் என்றாளாம். அவளுடைய ஊரில் பயிற்சி கொடுக்கும்போதே இதைத்தான் முதலில் சொல்வார்களாம்.

இவர் இதைச் சிரிப்புக் கதையாக வீட்டில் சொன்னார். ஸ்பூனில் சாப்பிடுகிறவர்களுக்கு நாம் கையால் சாப்பிடுவது பொறுக்கவில்லை என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. இவருக்கு ஒரு மாதமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி, மலச்சிக்கல், காரணமில்லாத கோபம். உடம்புச் சூடு என்று மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன் நான், நர்ஸ்.

மறுநாளே எங்கள் கிளினிக்கில் மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தேன். இங்கே பார்க்க வசதியில்லை என்று வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். வாரக்கணக்கில் காத்திருந்தோம். வந்தது. இவருக்கு அதிகம். அது எதிர்பார்த்ததுதான். எனக்கும் அதிகம். ஷைனிக்குப் பயப்படும்படி ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. துணியிலோ கையிலோ வந்திருந்தால் தரையில் புரளும் பிள்ளைக்குத்தான் முதலில் ஏற வேண்டும். அவளை விட்டுவிட்டு எனக்கு எப்படி? நான் தின்று அவள் தின்னாதது எது? கிளினிக்கின் மருந்து அறையில் நின்றுகொண்டு யோசித்தேன். புளி காணாமல் போனது, சட்டி சுத்தமானது, லாத்தா வீட்டில் இவர் நின்ற நிலை எல்லாம் கண்முன் வந்தன. நாக்கில் அந்தச் சட்டிச் சோற்றின் ருசி வந்தது. அங்கிருந்த வாளியிலேயே வாந்தி எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்.

“சட்டிய கிளப்புக்குக் கொண்டுபோனியளா?”

இவர் தரையைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், இனி மறைக்கச் சோறு இல்லை என்று தெரிந்துகொண்டார்.

“அங்க உள்ள அலுமினியப் பானையப் புளி அரிச்சிட்டு. பிளாஸ்டிக் வாளிய அடுப்புல வைக்க முடியாது. மண்சட்டியப் புளி ஒண்ணுஞ் செய்யாதுல்லா” என்றார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. புளிக்கு மண்சட்டிதான் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். சரியாகத் தெரிந்த ஒன்றை வைத்துத்தான் இவர் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார். மண் புளியைக் குடிக்கும், புளியில் கரைந்ததையும் சேர்த்துக் குடிக்கும், அடுத்த குழம்பில் அதைக் கக்கும் என்பது மட்டும் தெரியவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ சட்டியத் தூரப் போட்டிருப்ப.”

“போட்டிருப்பேன்தான்.”

“அதாம் சொல்லல. ஊர்ல இருந்து நீ மடியில வச்சுக் கொண்டாந்தது. நல்லாத்தாம் தேச்சுக் கழுவினேன். ஒவ்வொரு தடவையும் கஞ்சித் தண்ணி ஊத்திக் கொதிக்க வச்சேன், புதுச் சட்டி பழக்குத மாதிரி.”

அடித்திருக்கலாம் என்றிருந்தது. கஞ்சித் தண்ணி ஊற்றிக் கொதிக்க வைத்தாராம். என் சட்டியின் மேல் அவ்வளவு அக்கறை. ஊரான் சுட்டுத் தள்ளிய கூட்டை, எச்சிலும் கரப்பானும் கலந்த குப்பையை, நான் குழம்பு வைக்கும் சட்டியில் போட்டு வேகவைத்துவிட்டு, அதற்கு வைத்தியமும் பார்த்திருக்கிறார்.

6

எனக்குப் பிரசவம் பார்க்கப்போகும் லேடி டாக்டர் ஹைதராபாத்காரர், தன்மையானவர். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சொல்ல எனக்கு நாக்கு கூசியது. நான் நர்ஸ் என்று அவருக்குத் தெரியும். சட்டி, புளி, துப்பாக்கி என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொன்னபோது, அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கால்சியம் எழுதினார், இரும்புச் சத்து எழுதினார். வந்த வழியை அடைத்தாயிற்று, அளவு இறங்கிக்கொண்டு வருகிறது, மிரளும்படி இல்லை, ஆனால் ஒன்றுமில்லை என்றும் சொல்லமாட்டேன் என்றார். பிறந்ததும் பார்ப்போம், பிறகு பேசுகிற வயதில் பார்ப்போம், படிக்கிற வயதில் பார்ப்போம். இத்தனை வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்றை எனக்குக் கொடுத்து அனுப்பினார்.

மேனேஜரிடம் போய் இவர் சொன்னபோது, மாஃபி முஷ்கில், பிரச்சினை ஒன்றுமில்லை, பால் குடி என்றாராம். பால் குடித்தால் போகிற விஷயம் என்றால் இந்த நாட்டில் மருந்துக்கடை எதற்கு? வேலையை விட்டால் வேறு வேலைக்குச் சேர ஆறு மாதம் தடை, விசா போகும், பிரசவம் ஊரில். கெஞ்சிக் கூத்தாடி இவரை வாசல் கேட் டூட்டிக்கு மாற்றினார்கள். இப்போது கார்களுக்குக் கம்பம் தூக்கி இறக்குகிறார். கொட்டகையில் நேபாளத்திலிருந்து வந்த புது ஆள். கையுறை போட்டுக்கொள் என்று இவர் சொன்னதற்கு, அதைப் போட்டால் கீறல் விட்ட கூடு கையில் தட்டாது என்றானாம். புளி இப்போது அட்டைப்பெட்டியில் வருகிறதாம், கிளப் செலவில். ஸ்பெஷல் வாஷ் நிற்கவில்லை. எனக்கு அந்தக் கிண்ணத்தை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

என் சட்டியை நான் உடைக்கவில்லை. உடைத்தால் தூள் பறக்கும். பிளாஸ்டிக் பைக்குள் பை போட்டுக் கட்டி, கிளினிக்கின் ஆபத்துக் கழிவோடு சேர்த்து அனுப்பினேன். வாங்க வந்த ஆள் இது என்ன என்று கேட்டான். கறிச் சட்டி என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தூக்கிப்போனான்.

ஷைனியிடம், இனிமேல் மீன் குழம்பு கிடையாது என்று மட்டும் சொன்னேன். துள்ளிக் குதித்தாள். அவளை நம் ஊர்ப் பிள்ளையாக்க நான் போட்ட சண்டையில் ஒன்றிலாவது ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவளுக்கு வாய் இருந்தது, துப்பினாள். வயிற்றில் இருப்பது நான் கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டது.

7

இன்று வெள்ளிக்கிழமை. பூசைக்குப் போய் வந்து, பருப்பும் முட்டைப் பொரியலும் வைத்துச் சாப்பிட்டோம். ஷைனி டி.வி. முன்னால் இருந்தாள். நான் கட்டிலில் சாய்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளை புரண்டு உதைத்தது. புடவைக்கு மேலேயே தெரியும்படி ஒரு உதை.

இவர் பார்த்துவிட்டார். சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றவர், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தார். ஷைனி வயிற்றில் இருந்தபோது, அவள் அசைந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் கையை வைத்துக்கொண்டு கிடப்பார். இந்த முறை இன்னும் ஒரு தடவைகூட வைக்கவில்லை. நான் விடவில்லை. கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார், என் முகத்தைப் பார்த்தார். “தொடட்டா?” என்று கேட்டார். கட்டிய பெண்டாட்டியிடம், சொந்தப் பிள்ளைக்கு.

நான் அந்தக் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தேன் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். வைக்கவில்லை. மூன்று மாதமாக அவர் பித்தளையைத் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். தோல் உரியும்வரை தேய்த்துக் கழுவுகிறார் என்றும் தெரியும். இருந்தும் என் கண்ணுக்கு அந்த நகக்கண்ணில் சாம்பல் நிறம் தெரிந்தது.

“கழுவிட்டு வாங்க” என்றேன்.

“இப்பதாம் கழுவினேன்.”

“இன்னொரு தடவ கழுவுங்க.”

எழுந்து போனார். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. சோப்பு போட்டு, தேய்த்து, மறுபடி சோப்பு போட்டார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. திரும்பி வந்தபோது இரண்டு கையையும் எனக்கு முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினார். நான் புடவையை விலக்கி இடம் காட்டினேன். வைத்தார். அதற்குள் பிள்ளை தூங்கிவிட்டது. கையை எடுக்காமல் இவரும், எடுக்கச் சொல்லாமல் நானும், அது எழும்பட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.